சிங்கப்பூர்ச் சம்பளமும் நம் வீட்டுக் கணக்கும்

நெசவாளர் சங்கத்தையோ கடன் சங்கத்தையோ சேர்ந்த அங்கத்தினர் வீடுகளில் இன்று பட்டதாரிகள் அபூர்வமல்லர். தறிக்குழியில் ஆயுளைக் கழித்த தந்தையின் மகன் பொறியியல் பட்டம் பெற்றிருக்கிறான். கரும்பு விவசாயியின் மகள் கணக்கியல் படித்திருக்கிறாள். படிப்பு முடிந்ததும் அயல்நாட்டு உத்தியோகத்தைப் பற்றிய பேச்சு எழுகிறது. பேச்சு எழுந்த சில வாரங்களில் அங்கத்தினர் நகைப் பையுடன் சங்கத்தின் படியேறுகிறார். ஆதலின் இது சங்கத்துக்கும் சம்பந்தமுள்ள விஷயமே. எல்லா நாடுகளையும் இங்கே அளந்து காட்ட இயலாது. நம் பகுதியார் பெரிதும் விரும்பும் சிங்கப்பூரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூரில் வேலை என்றதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதன்று. எந்தச் சீட்டில் போகிறான் என்பதே. அங்கே அயல்நாட்டாருக்கு முக்கியமாக மூன்று வகை அனுமதிகள் உண்டு. உயர்ந்த உத்தியோகங்களுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ்; இடைத்தரத்துக்கு எஸ் பாஸ்; கட்டடம், கப்பல் பட்டறை முதலிய தொழில்களில் உழைப்போருக்கு வொர்க் பெர்மிட். 2025 ஜனவரி முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிப்போரின் மாதச் சம்பளம் குறைந்தது 5,600 சிங்கப்பூர் டாலராக இருக்கவேண்டும். வங்கி போன்ற நிதித் துறையில் 6,200. வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறும். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் 3,300 டாலர். வொர்க் பெர்மிட்டுக்கோ இப்படிப்பட்ட கீழ்வரம்பு எதுவும் கிடையாது. இவ்வரம்புகளை அந்நாட்டு மனிதவள அமைச்சு அவ்வப்போது உயர்த்தி வருவதால், விண்ணப்பிக்கும் வேளையில் அமலில் உள்ள தொகையை விசாரித்துக்கொள்வது அவசியம்.

சென்ற ஆண்டு ஒரு கடன் சங்கத்தில் ஆய்வுக்காக இருந்தபோது, பட்டு நெசவாளரான அங்கத்தினர் ஒருவர் மகனுடைய பயணத்துக்காகக் கடன் கேட்டு வந்தார். "இஞ்சினீயர் உத்தியோகம், ஐயா" என்று சொல்லி ஒரு காகிதத்தைக் காட்டினார். படித்துப் பார்த்தேன். அது வொர்க் பெர்மிட்டுக்கான முன்னனுமதிக் கடிதம். தொழில், கட்டுமானத் தொழிலாளி. பையன் பட்டதாரி என்பது உண்மை. ஆனால் அந்தக் காகிதத்தில் அவன் பட்டதாரியாகப் போகவில்லை. சிங்கப்பூர் இஞ்சினீயர் என்ற சொல்லுக்கு நம் கல்யாணச் சந்தையில் உள்ள மதிப்பு நான் அறியாததன்று. அதனால்தான் இச்சீட்டின் பெயரை வீட்டார் கேளாமலே விட்டுவிடுகிறார்கள் போலும்.

உயர்ந்த சீட்டைப் பெறச் சம்பள வரம்பை எட்டினால் மட்டும் போதாது. 2023 செப்டம்பர் முதல் காம்பஸ் என்னும் மதிப்பெண் முறை நடைமுறையில் இருக்கிறது. நாற்பது மதிப்பெண் தேறவேண்டும். அதே துறையில் உள்ளூர் உத்தியோகஸ்தர் பெறும் சம்பளத்தோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண், படிப்புக்கு ஒன்று, அந்தக் கம்பெனி உள்ளூராரை எவ்வளவு வேலைக்கு வைத்திருக்கிறது என்பதற்கு ஒன்று. நான்காவது விதிதான் நம்மவர் கவனிக்கத்தக்கது. கம்பெனியின் உத்தியோகஸ்தர்களில் விண்ணப்பதாரரின் நாட்டினர் நூற்றுக்கு 5 பேருக்குக் குறைவாயின் 20 மதிப்பெண். 25 பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒன்றுமில்லை. சிறு கம்பெனிகளுக்கு இதில் விலக்கு உண்டு. "அந்தக் கம்பெனி முழுவதும் நம் ஆட்களே, எளிதில் கிடைத்துவிடும்" என்று தரகர் சொல்வது இந்த விதியின்படி அனுகூலமாகாது, பிரதிகூலமே ஆகும். படிப்புக்கு மதிப்பெண் கோரினால் பட்டத்தின் உண்மையைச் சரிபார்த்த சான்றும் வேண்டும். ஆதலின் பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகத்திலிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்திருத்தல் நலம்.

இனிச் சம்பளக் கணக்கு. 2025இல் ஒரு சிங்கப்பூர் டாலர் 66 ரூபாய்க்கு முன்னும் பின்னுமாக இருந்தது. 5,600ஐ 66ஆல் பெருக்கி, மூன்றரை லட்சத்துக்கு மேல் என்று வாய்பிளப்பது நம் வழக்கம். ஆனால் அங்கே சம்பாதிப்பவன் அங்கேதான் சாப்பிடவேண்டும். தனி அறை ஒன்றின் வாடகை மாதம் ஆயிரம் டாலரைத் தொடுவது அரிதன்று. வரிச்சுமை குறைவு என்பது உண்மை: ஆண்டில் 183 நாட்களுக்குக் குறையாமல் இருப்பவருக்கு முதல் 20,000 டாலருக்கு வருமான வரியில்லை, 5,600 சம்பளக்காரர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 டாலர் கட்டவேண்டியிருக்கும். அந்நாட்டுச் சேமநிதிக்கான பிடித்தமும் பாஸில் இருப்போருக்கு இல்லை. பிடித்தம் இல்லையென்றால் முதலாளி செலுத்தும் பங்கும் இல்லை என்பதை மறக்கலாகாது. உணவு, பயணம் எல்லாம் போகச் சிக்கனமானவர் மாதம் 3,000 டாலரை ஒட்டி மிச்சம் பிடிக்கலாம் என்பது என் மதிப்பீடு. அறையைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளும் எஸ் பாஸ்காரருக்கு 1,500 மிஞ்சினால் பெரிது. அதாவது சுமார் ஒரு லட்சம் ரூபாய். இதுவும் நல்ல தொகைதான். பெருக்கிப் பார்த்த தொகையில் பாதிகூட இல்லை என்பதே செய்தி. மனைவியை அழைத்துச் செல்லவேண்டுமானால் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 டாலர் இருக்கவேண்டும் என்பது தனி விதி.

தரகர் கூலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கடன் பெரும்பாலும் அதற்காகவே வாங்கப்படுகிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அயல்நாட்டு வேலைக்கு ஆளெடுப்போர் பதிவு பெற்றிருக்கவேண்டும். அவர்கள் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான சரக்கு சேவை வரியுமே. சிங்கப்பூர் ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்குவதற்கும் வரம்புண்டு: ஒப்பந்த ஆண்டு ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படியும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேற்படலாகாது. ஆறு மாதத்துக்குள் முதலாளி வேலையைவிட்டு நீக்கினால் அதில் பாதியேனும் திருப்பித் தரவேண்டும். வேலை கொடுப்பதற்காக முதலாளி பணம் வாங்குவதும், தான் அரசுக்குக் கட்டும் லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பதும் அங்கே குற்றம். இவ்வளவு பாதுகாப்பும் ரசீது இருந்தால்தான் பயன்படும். நம்மவர் கொடுப்பதோ கைமாற்றாக. இடம், பெரும்பாலும் டீக்கடை.

மற்றொன்று. பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளி வளைகுடா நாட்டுக்குப் போனால், குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். அவர் ஒப்பந்தத்தைப் பார்க்கிறார். பட்டதாரிக்கு அந்த அனுமதி தேவையில்லை. படித்தவன் தானே பார்த்துக்கொள்வான் என்பது சட்டத்தின் எண்ணம். 2022இல் தாய்லாந்தில் கணினி உத்தியோகம் என்று நம்பிச் சென்று, மியான்மரின் மியாவாடிப் பகுதியில் அடைபட்டு, இணைய மோசடி செய்யுமாறு வற்புறுத்தப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞரும் இருந்தனர். அவர்கள் படிக்காதவர்கள் அல்லர். தரகரை நாடுமுன் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை விசாரிக்கலாம். 1978 முதல் இப்பணிக்கென்றே அது இருந்து வருகிறது. சுற்றுலாச் சீட்டில் போய் அங்கே வேலை பார்க்கலாம் என்பவரிடம் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். அது அங்கே குற்றம்.

கடைசியாகத் தவணை. பாஸ் குறிப்பிட்ட முதலாளியோடு பிணைந்தது. வேலை போனால் பாஸும் ரத்தாகும். பொதுவாக முப்பது நாளே தங்கலாம். வீட்டுக் கடன் மட்டும் ரத்தாகாது. நகைக் கடனின் தவணையோ பொதுவாக ஓராண்டு. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தரவேண்டும் என்பது அங்குள்ள விதியாதலால் முதல் பணம் கைக்கு வருவது இரண்டாம் மாதத்தில். வாடகை முன்பணம் போக வீட்டுக்கு அனுப்ப முடிவது மூன்றாம் மாதத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே திருப்பிச் செலுத்த மீதமிருப்பவை ஒன்பது மாதங்கள். கடன் மனுவுடன் முன்னனுமதிக் கடிதத்தின் நகலையும் கொண்டுவந்தால், அந்த ஒன்பது மாதத்தில் தொகை அடைபடுமா என்பதைச் சங்கச் செயலாளர் அங்கத்தினருடன் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் கணக்கிட்டுவிடலாம்.