மோட்டார் வண்டியின் புகைபோக்கி: ஓசையும் வலுவும்

மாலை வேளையிற் கிருலப்பனைச் சந்தியில் ஐந்து நிமிடம் நின்று பார்ப்போர் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். ஹைலெவல் வீதியும் பேஸ்லைன் வீதியும் கூடும் அவ்விடத்தில், 138ஆம் இலக்க பஸ் வண்டிகளும் முச்சக்கர வண்டிகளும் சிறு கார்களும் நெருங்கி நின்று அடியடியாக நகர்கின்றன. அவற்றிடையே சிற்சில கார்கள் தம் உருவத்துக்குப் பொருந்தாத பேரோசையுடன் உறுமுகின்றன. ஆயினும், பச்சை விளக்கு எரிந்ததும் அவை ஏனைய வண்டிகளை விஞ்சிப் பாய்வதாகத் தெரியவில்லை. நிறைகுடம் தளும்பாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அது மோட்டார் எஞ்சினுக்கும் பொருந்துமா? நாள்தோறும் ஓடும் ஒரு காருக்குப் புகைபோக்கி மாற்ற வேண்டின் எவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா இன்று நம் நாட்டிற் பலருக்கு எழுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் தம் கைவசம் இருந்த கார்களையே பேணி ஓட்டினர். ஆண்டுகள் பல ஓடிய காரில் துருப்பிடித்துத் துளைவிழும் உறுப்புக்களுள் புகைபோக்கித் தொகுதியும் ஒன்று. அதனை மாற்ற விழைபவர்முன் நான்கு வழிகள் உள. முகவரிடம் புதிய அசல் உறுப்பை வாங்கலாம். பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் யப்பானிலிருந்து வந்த பாவித்த உறுப்பைத் தேடலாம். உள்ளூர்ப் பட்டறையிற் குழாயை வளைத்து ஒட்டுவித்துப் பூட்டலாம். அன்றேல், பந்தயக் கார்போல் முழங்கும் தொகுதியொன்றை வாங்கலாம். நான்காவதை விற்போர், “இதைப் பூட்டினால் இழுவை கூடும்” எனக் கூறுவர். அக்கூற்றின் உண்மையைக் காண முதலில் புகைபோக்கியின் தொழிலை அறிதல் வேண்டும்.

எஞ்சினின் உருளைகளில் எரிந்த வாயு, முதற்கண் பல கிளைகளாகப் பிரிந்த குழாயொன்றிற் சேர்கின்றது. பின்னர் அது ஊக்கிப் பெட்டியைக் கடக்கின்றது. கராச்சுகளில் இதனையே ‘கன்வேட்டர்’ என வழங்குவர். அதன்பின் ஓசையைத் தணிக்கும் சைலன்சர்ப் பெட்டியூடாகச் சென்று, வாற்குழாய் வழியே வெளியேறுகின்றது. ஆகவே இத்தொகுதிக்குரிய தொழில்கள் நான்கு: வாயுவைத் தடையின்றிப் போக்குதல், நஞ்சை நீக்குதல், ஓசையை அடக்குதல், புகை வண்டிக்குள் நுழையாது பின்புறம் கொண்டு சேர்த்தல். ஒன்றைக் கூட்ட முயன்று ஏனைய மூன்றையும் இழப்பவர் நல்ல வணிகம் செய்தவர் ஆகார்.

முதலில் வலுவைப் பற்றிய வினாவை எடுத்துக்கொள்வோம். வெளியேற்று வால்வு திறந்ததும் உயர்ந்த அமுக்கமுடைய வாயு குழாயினுள் ஓர் அலையாகப் பாய்கின்றது. குழாய் விரியும் இடத்தை அவ்வலை அடைந்ததும், அதன் ஒரு பகுதி தாழ்ந்த அமுக்கமுடைய அலையாகத் திரும்பி வருகின்றது. வால்வு மூடுமுன் அது வந்து சேருமாயின், உருளையில் எஞ்சிய வாயுவை உறிஞ்சி வெளியேற்றும். குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் எஞ்சினின் வேகத்திற்கேற்ப வகுப்பதன் இரகசியம் இதுவே.

“எஞ்சினுக்குப் பின்னமுக்கம் வேண்டும்” என்று சிலர் சொல்வது பொருந்தாது. எஞ்சினுக்கு வேண்டியது தடையன்று, வாயுவின் வேகமே. குழாய் மிகக் குறுகினால் வாயு தடைப்படும்; மிக அகன்றாலோ வாயுவின் வேகம் குன்றும், அலையின் உதவியும் தளரும். ஆதலால் அகன்ற குழாயின் பயன் எஞ்சின் நிமிடத்திற்கு ஐயாயிரம், ஆறாயிரம் சுற்றுக்கள் சுழலும்போதே தோன்றும். கொழும்பு நகரில் நாம் ஓட்டுவதோ பெரும்பாலும் ஆயிரத்தைந்நூறுக்கும் மூவாயிரத்துக்கும் இடைப்பட்ட சுற்றுக்களில். அவ்வேகத்தில் இழுவை கூடுவதற்குப் பதிலாகக் குறைதலும் கூடும். மேலும், 796 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய சுசூக்கி அல்டோ போன்ற சிறு காருக்கு வலுவின் எல்லையை வகுப்பது புகைபோக்கி மட்டுமன்று. கொள்ளளவும் வால்வுகளும் எரிபொருட் கட்டுப்பாடுமே முதன்மையானவை. சைலன்சர்ப் பெட்டியை மட்டும் மாற்றி அதனைப் பந்தயக் காராக்க முயல்வது, மாட்டின் மணியை மாற்றி வண்டியின் வேகத்தைக் கூட்ட முயல்வதை ஒக்கும்.

இனி ஓசையை நோக்குவோம். நான்கு உருளைகளுடைய எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுக்கள் சுழலும்போது செக்கனுக்கு 100 துடிப்புக்கள் எழுகின்றன. மூன்று உருளைகளாயின் 75. இவை தாழ்ந்த சுருதியுடையவை. மேற்சுருதி ஓசைகளைக் கண்ணாடிப் பஞ்சு அடைத்த பெட்டி எளிதில் விழுங்கிவிடும். தாழ்சுருதியோ அதற்கு அடங்காது. சுவரையும் சாளரத்தையும் ஊடுருவிச் செல்லும். அதனை அடக்குவதற்கு அறைகள் பகுத்த பெட்டியோ, அளந்து மூடிய கிளைக்குழாயோ வேண்டும். வெப்ப வாயுவில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 500 மீற்றர் செல்லுமெனக் கொண்டால், 100 துடிப்புக்குரிய கிளைக்குழாய் ஒன்றேகால் மீற்றர் நீளம் வேண்டும். இடம் சிறிதென்று இவற்றை விடுத்த மலிவுப் பெட்டியைப் பூட்டியவர், கடையிற் கேட்ட முழக்கத்தை முதல் நாள் விரும்புவர். மறுவாரம் தலைவலியுடன் வீடு திரும்புவர்.

ஒலியின் அளவு பத்து டெசிபெல் உயர்ந்தால், செவிக்கு அது ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பிராந்தியத்திற்கென 2018இல் வெளியிட்ட வழிகாட்டலில், இரவில் வீதிப் போக்குவரத்தின் ஓசை 45 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது எனப் பரிந்துரைத்தது. வெள்ளவத்தையிலும் கிருலப்பனையிலும் மதிலோடு மதில் ஒட்டி வாழும் நாம், ஒருவரது பொழுதுபோக்கு எத்தனை குழந்தைகளின் உறக்கத்தையும் எத்தனை மாணவரின் படிப்பையும் கெடுக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிது நஞ்சைப் பற்றிய செய்தி. ஊக்கிப் பெட்டியினுள் தேன்கூடு போன்ற நுண்துளைகளும், அவற்றின்மீது பிளாற்றினம், பல்லாடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்களின் மெல்லிய பூச்சும் உள்ளன. சூடேறிய நிலையில் அது காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன், நைதரசனொட்சைட்டுக்கள் என்பவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கை மாற்றிவிடும். ஈயம் கலந்த பெற்றோல் அதனைப் பழுதாக்கும். 2002இல் நம் நாடு அத்தகைய பெற்றோலைக் கைவிட்டமையாலேயே இவ்வூக்கிப் பெட்டி இங்கு நீடித்துப் பயன்தர இயன்றது.

இவ்வரிய உலோகங்களே பெட்டிக்கு ஆபத்தாகவும் முடிந்தன. 2021 மார்ச் மாதத்தில் ரோடியம் ஓர் அவுன்சு 29,000 அமெரிக்க டொலர் வரை விலை போயிற்று. பின்னர் விலை பெரிதும் இறங்கியபோதிலும், பழைய ஊக்கிப் பெட்டியை வாங்குவோர் இன்றும் உளர். “இது அடைத்துக்கொண்டது, கழற்றிவிட்டு வெறுங்குழாய் பூட்டுவோம், பணமும் கிடைக்கும்” என்னும் அறிவுரை கேட்பதற்கு இனியது. ஆனால் அப்பணம் யாருடைய மூச்சை விற்றுப் பெற்றது? காருக்குள் குளிரூட்டியுடன் இருப்பவருடையதன்று. சந்தியிற் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் முதியவருடையதும் பள்ளிச் சிறுவருடையதுமே. பெட்டி உண்மையிலேயே அடைத்திருப்பின், அடைத்த காரணத்தைக் கண்டு திருத்தி, அதற்கிணையான பெட்டியையே பூட்டல் வேண்டும். 2008ஆம் ஆண்டிலிருந்து வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறைக்கு வந்துள்ளமையும், வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு அச்சான்றிதழ் வேண்டப்படுவதும் நாம் அறிந்தனவே.

நின்று உழைக்கும் தன்மையும் சிந்திக்கத் தக்கது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாகத் தோன்றுகின்றது என்பது பலருக்கு வியப்பளிக்கும். நெடுந்தூரம் ஓடும் கார் அதனை வெளியே தள்ளிவிடும். கிருலப்பனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பிள்ளைகளை ஏற்றிச்சென்று திரும்பும் காரிலோ, குழாய் நன்கு சூடேறுமுன் பயணம் முடிந்துவிடும்; நீர் பெட்டியினுள் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். கடலோர உப்புக்காற்று வெளியிலிருந்து அரிக்கும். எனவே சாதாரண இரும்புக் குழாய் மலிவேயெனினும் ஆயுள் குறைந்தது. அலுமினியம் பூசிய உருக்கு அதனினும் சிறந்தது. பதினொரு வீதமளவு குரோமியம் கலந்த 409 என்னும் கறையில் உருக்கு மேலும் சிறந்தது. பதினெட்டு வீதம் குரோமியமும் எட்டு வீதம் நிக்கலும் கலந்த 304 மிக நீடித்தது, விலையும் மிக்கது.

இவற்றால் தெளியும் முடிபுகளைத் தொகுத்துக் கூறுவோம். துளைவிழுந்தது சைலன்சர்ப் பெட்டியாயின் அதனை மட்டும் மாற்றுக. ஊக்கிப் பெட்டியையும் அதற்கு முன்னுள்ள குழாயையும் தொடாது விடுக. குழாயின் விட்டம் அசலின் அளவினதாகவே இருத்தல் நன்று. ஒட்சிசன் உணரிக்கு முன்னால் ஒட்டுவாய் கசியுமாயின், வெளிக்காற்று புகுந்து உணரி பிழையாக அறிவிக்கும்; எஞ்சின் தேவைக்கு மிஞ்சிப் பெற்றோலைக் குடிக்கும். வாற்குழாய் வண்டியின் அடியில் முடியாது பின்புற எல்லைவரை நீள வேண்டும். காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது காருக்குள் புகுந்தால் உயிருக்கே கேடு. பாவித்த உறுப்பாயின் கையால் தட்டிப் பார்த்து, உள்ளே துரு உதிரும் ஓசை கேட்டால் விலக்குக. புதிதாகப் பூட்டியபின் கராச்சு வாசலில் எஞ்சினை உறுமச் செய்து மகிழாது, வீதியில் இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றுக்களில் ஓட்டிப் பார்த்தே பணம் கொடுக்க.

அசலுக்கிணையான புகைபோக்கி எவருடைய கண்ணையும் கவராது. அதனைப் பூட்டியவரை எவரும் திரும்பிப் பார்ப்பதுமில்லை. இரவு பத்து மணிக்கு அவர் தம் ஒழுங்கைக்குட் புகும்போது அயல்வீட்டுக் குழந்தை விழிக்காது உறங்குமாயின், அப்புகைபோக்கி தன் தொழிலைச் செவ்வனே செய்தது எனலாம்.