வெயிலும் விழித்திரையும்

விதைப்பு முதல் சூடடிப்பு வரை வெயிலே எமது கூரை. நிலத்தை விட்டு வந்தவர்களுக்கு ஒதுங்கி நிற்க ஒரு மரநிழலும் இருப்பதில்லை. தோல் கறுப்பது எமக்குத் தெரிகிறது. கண்ணுக்குள் நடப்பது தெரிவதில்லை.

கண்ணின் உட்புறத்தே பின்பக்கமாகப் படிந்திருக்கும் மெல்லிய படையே விழித்திரை. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் கலங்கள் ஒரு கண்ணில் 9 கோடிக்கு மேல் உண்டு. நிறத்தையும் நுண்ணிய விபரத்தையும் காட்டும் கூம்புக் கலங்கள் 40 இலட்சத்துக்கு மேல் உண்டு. கோலின் நுனி நாள்தோறும் சிறிது கழன்று விழ, அடியிலிருந்து புதிதாக வளர்கிறது. ஏறத்தாழ 10 நாட்களில் ஒளியுணரும் பகுதி முழுவதும் புதிதாகிவிடும். கழன்றதை அடுத்துள்ள நிறப்பொருட் கலங்கள் விழுங்கித் துப்புரவாக்குகின்றன. களை பிடுங்குவது போல ஓயாத வேலை இது.

ஒளி அளவுக்கு மிஞ்சினால், ஒட்சிசனோடு சேர்ந்து தீங்கான பொருட்கள் உண்டாகிக் கலத்தின் மென்சவ்வை அரிக்கின்றன. தேய்மானம் திருத்தத்தை முந்துகிறது. இறந்த கலம் மீண்டும் முளைப்பதில்லை.

1966இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோவெல் என்பவரும் துணைவர்களும் வெள்ளெலிகளைச் சாதாரண குழல்விளக்கொளியில் தொடர்ந்து வைத்தனர். சுடாத அந்த ஒளியிலேயே பார்வைக் கலங்கள் அழிந்தன. எலியின் கண் இரவுக்கு ஏற்றது. எமது கண் அவ்வளவு மென்மையானதன்று. எனினும் 1976இல் குரங்குகளில் செய்த ஆய்வு, நீல ஒளியே கூடிய தீங்கு செய்வதைக் காட்டியது.

செசப்பீக் குடாவில் நண்டும் சிப்பியும் பிடிக்கும் 838 தொழிலாளரும் ஆராயப்பட்டனர். கழியூதாக் கதிர் கூடுதலாகப் பட்டவர்களுக்குக் கண்வில்லையில் புரை கூடுதலாகக் காணப்பட்டதென 1988இல் அறிவிக்கப்பட்டது. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி கடுமையாகப் பழுதடைந்தவர்கள், முந்திய 20 ஆண்டுகளில் நீல ஒளியைக் கூடுதலாகப் பெற்றிருந்தமை பின்னர் தெரியவந்தது. வேறு சில ஆய்வுகள் இத்தொடர்பைக் காணவில்லை. ஆயினும் முன்னெச்சரிக்கை நட்டமன்று.

சூரியனை நேரே பார்ப்பதில் ஐயத்துக்கே இடமில்லை. 2019 டிசம்பர் 26இல் எமது வடபகுதியில் தெரிந்தது போன்ற கங்கண கிரகணத்தையும் வெறுங்கண்ணால் பார்க்கலாகாது. விழித்திரைக்கு நோவுணர்ச்சி இல்லை, கருகினாலும் வலிக்காது. சில மணி நேரம் கழித்தே பார்வையின் நடுவில் கரும்பொட்டுத் தோன்றும்.

நாம் செய்யக்கூடியவை சில:

அகன்ற விளிம்புள்ள ஓலைத்தொப்பி அணிவோம். கழியூதாக் கதிரைத் தடுக்காத வெறும் கறுப்புக் கண்ணாடியை நம்பவேண்டாம்.

வெல்டிங் வேலையைக் காப்புக் கண்ணாடியின்றிச் செய்யவோ, பிள்ளைகள் வேடிக்கை பார்க்கவோ விடவேண்டாம்.

முருங்கையிலை, பொன்னாங்காணி போன்ற கீரைகளை அடிக்கடி சமைப்போம். அவற்றிலுள்ள மஞ்சள் நிறப்பொருள் விழித்திரையின் நடுவே சேர்ந்து நீல ஒளியை உறிஞ்சுகிறது. விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும்.

கைத்தொலைபேசியின் ஒளி பகல்வெளிச்சத்தைவிட மிகக் குறைவு. அது விழித்திரையைக் கெடுக்கும் என்பதற்குச் சான்றில்லை.

நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, நடுவில் பொட்டு மறைத்தாலோ, வயதென்று விட்டுவிடாமல் கண் வைத்தியரிடம் உடனே காட்டுங்கள்.