அப்பா சொன்ன எழுபது!

காலை எட்டு மணிக்குத் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வந்தீர்களானால், என் வீட்டைக் கண்டுபிடிக்க அட்ரஸ் தேவையில்லை. காது இருந்தால் போதும். வயல்வெளியில் பம்ப்செட் ஓடுகிற மாதிரி 'டுப்... டுப்... டுப்...' என்று ஒரு சத்தம் வரும். 'இந்த ஊரில் ஏது வயல்?' என்று திகைக்காதீர்கள். நான் ஆபீஸ் கிளம்புகிறேன் என்று அர்த்தம். வண்டி, டீசல் புல்லட்.

ஆமாம் ஸார், டீசல்தான். அச்சுப்பிழை இல்லை. பங்க்கில் புதுப் பையன் யாராவது நின்றால் ஒவ்வொரு தடவையும் இதே தகராறுதான். "டீசல் போடுப்பா" என்பேன். பையன் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஸார், இது பைக்கு" என்பான், ஏதோ எனக்குத் தெரியாத மாதிரி. சூப்பர்வைசர் வந்து பஞ்சாயத்து பண்ணிய பிறகுதான் ஊற்றுவான்.

புல்லட் எங்கள் ஊர்ப் பிள்ளை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்துத் திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்டார்கள். தொண்ணூறுகளில் அவர்களுக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. கிரீவ்ஸ் லொம்பார்டினியின் 325 சி.சி. டீசல் எஞ்சினைத் தூக்கி புல்லட் சட்டத்துக்குள் உட்கார வைத்து, 'டாரஸ்' என்று பெயர் சூட்டினார்கள். காளை என்று பொருள். பெட்ரோல் புல்லட்டுக்குச் சக்தி 18 குதிரை. இந்தக் காளைக்கு ஆறரை. எடையோ கிட்டத்தட்ட 200 கிலோ. முழு மூச்சாக முறுக்கினால் 65 கிலோ மீட்டர் வேகம் வரும், எதிர்க்காற்று இல்லை என்றால். புகைச் சட்டங்கள் இறுக இறுக, 2000-ஐ ஒட்டி இதற்கு மங்களம் பாடிவிட்டார்கள்.

என் அப்பா 1995-ல் வாங்கினார். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட் ஒருவரிடம் குமாஸ்தா வேலை. ராஜாஜி சாலையில் ஆபீஸ். அன்றைக்கு டீசல் விலை பெட்ரோல் விலையில் பாதிகூட இல்லை. டேங்க் மேல் நான், அப்பாவுக்குப் பின்னால் அக்கா, அதற்கும் பின்னால் அம்மா என்று குடும்பமே அதில்தான் மெரினாவுக்குப் போய்ச் சுண்டல் சாப்பிட்டு வந்தோம். யாராவது வண்டியைக் கிண்டல் பண்ணினால் அப்பா சளைக்காமல் ஒரே வார்த்தை சொல்வார். "லிட்டருக்கு எழுபது!"

ரிடையர் ஆனபின் அவருக்கு முட்டிவலி. கிக்கரை உதைக்க முடியவில்லை. வண்டி என்னிடம் வந்தது. சிக்கலும் வந்தது.

பதினைந்து வருஷம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. 2025-ல் மூன்றாவது தவணை... இல்லை, நாலாவது. (எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்: 2010, 2015, 2020, 2025.) வண்டி விடுகிற கறுப்புப் புகையைப் பார்த்தால் எந்த இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போடமாட்டார் என்று எனக்கே தெரிந்தது. வீட்டுக்காரி பட்ஜெட் வாசிக்க ஆரம்பித்தாள். "மெட்ரோவுல ஏறினா ஹைகோர்ட்டுல போய் இறங்கலாம். வேட்டியைத் தூக்கிக்கிட்டு உதைக்க வேண்டாம். காயலான் கடைக்காரர் ஒன்பதாயிரம் தர்றேன்னு சொல்றார்."

"எழுபது குடுக்கிற வண்டிம்மா அது!" என்றார் அப்பா, ஹாலிலிருந்து.

நான் பி.காம். கணக்கு என்றால் கை நமநமவென்று அரிக்கும். டேங்க்கைக் கழுத்து வரை நிரப்பி, போன தூரத்தைக் குறித்துக்கொண்டு, அதே பங்க்கில், அதே மாதிரி நடு ஸ்டாண்டு போட்டு மறுபடி கழுத்து வரை நிரப்பினேன். ஸ்பீடாமீட்டர் கேபிள் எந்தக் காலத்திலேயோ அறுந்தது; தூரத்துக்குச் செல்போன் மேப்தான். வகுத்தால் வந்தது 41.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "இப்ப வர்ற டீசல் சரியில்லடா." (உண்மை நேர்மாறானது. 2020 ஏப்ரல் முதல் வருகிற டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் கூடாது. 1995-ல் அப்பா போட்டது கந்தகக் கஷாயம். சொல்லிப் பார்த்தேன். செல்லவில்லை.)

கடைசியில் மனைவியோடு ஓர் ஒப்பந்தம். மூன்று மாதம் டைம். 55 வந்தால் வண்டி வீட்டில். இல்லையென்றால் காயலான் கடையில். அப்பாவுக்கு இது தெரியாது.

உடனே நான் செய்தது என்ன? உங்களில் முக்கால்வாசிப் பேர் செய்வதைத்தான். கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கினேன். டீசல் டியூபில் மாட்டுகிற காந்தம், 1,800 ரூபாய். மூலக்கூறுகளை வரிசையில் நிற்க வைக்குமாம். ரேஷன் கடையில் மனுஷனே நிற்பதில்லை! கூடவே டேங்க்கில் ஊற்ற ஒரு சிவப்புத் திரவம், 450 ரூபாய். மறுபடி அளந்தேன். 41. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்த மாதிரி எரிபொருள் மிச்சம் பிடிக்கிற கருவிகளை நூற்றுக்கும் மேலே சோதித்துப் பார்த்துவிட்டது. ஏதோ துளியூண்டு பலன் தந்தவையே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் என்று பிறகு படித்தேன். முன்னாலேயே படித்திருந்தால் 2,250 ரூபாய் மிச்சம்.

அப்புறம்தான் காசிமேட்டு அண்ணனிடம் போனேன். மீன்பிடிப் படகு எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். நடுக்கடலில் நின்றுபோனால் தள்ளிக்கொண்டு வர முடியாத எஞ்சின்களோடு வாழ்கிறவர் என்பதால், பேச்சில் அலங்காரம் கிடையாது.

அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. வண்டியை நியூட்ரலில் போட்டு ஒரு தள்ளு தள்ளினார். நாலடி போய் நின்றது.

"இன்னா ஸார், தள்னா நாலடிதான் போவுது. இத்த எஞ்சின் எப்டி நாப்பது கிலோமீட்டர் இட்டுக்கினு போவும்? பின் பிரேக் புட்சிக்கினு கீது. செயின் துரு. டயர்ல காத்து பாதிதான் கீது. நீ இன்னாடான்னா மேக்னட் கட்டிக்கினு வந்துக்கிற!"

வெட்கமாக இருந்தது. பிரேக் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, ஷூ மாற்றி, செயினை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் போட்டு, தொய்வு சரிசெய்து, காற்று அடித்தார். இப்போது தள்ளினால் வண்டி தெருக்கோடி டீக்கடை வரை தானே போனது. (டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.) எஞ்சினில் ஒரு போல்ட்கூடத் திருகாமல், அடுத்த டேங்க்கில் 47!

நீங்கள் டீசல் புல்லட் வைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், உங்கள் வண்டியை இன்று சாயங்காலம் நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். காந்தம் வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்.

அடுத்த ஞாயிறு எஞ்சின் பக்கம் வந்தார். புகையைப் பார்த்தே ஜாதகம் சொன்னார். "கறுப்பா வந்தா காத்து பத்தல, இல்லாட்டி டீசல் ஜாஸ்தி. வெள்ளையா வந்தா டீசல் எரியாமயே வெளிய போவுது. நீலமா வந்தா ஆயில் எரியுது, நகைய எட்த்துக்கினு அடகுக் கடைக்குப் போ."

எங்களுடையது கறுப்பு. நகை பிழைத்தது.

டீசல் எஞ்சின் ஒரு விசித்திரப் பிராணி. பெட்ரோல் எஞ்சினில் நீங்கள் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது காற்றும் சேர்ந்து கூடிக் குறைகிறது. டீசலில் காற்று ஒவ்வொரு தடவையும் மூச்சு முட்ட முழுசாக உள்ளே போகும். நீங்கள் திருகுவது டீசல் அளவை மட்டும்தான். அந்தக் காற்றை அழுத்திச் சூடாக்கினால், தீப்பொறியே இல்லாமல் டீசல் பற்றிக்கொள்ளும். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் சக்தியில் 26 சதவிகிதத்தை வேலையாக மாற்றியது. நீராவி எஞ்சின்கள் பத்துக்கே நாக்குத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால், காற்றுக்கு வழி வேண்டுமே! எங்கள் ஏர் ஃபில்டரைத் திறந்தபோது உள்ளே எண்ணூர் நெடுஞ்சாலையே இருந்தது. கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற தூசி அத்தனையும் அடைப்பாக உட்கார்ந்திருந்தது. அடுத்தது நாசில். இஸ்திரி போடுகிறவர் வாயில் தண்ணீர் வைத்துத் துணிமேல் 'உஸ்' என்று தெளிப்பாரே, அப்படிப் பனிமாதிரித் தெளிக்க வேண்டிய சமாசாரம். டீசல் பம்ப் ரிப்பேர்க் கடையில் டெஸ்டரில் மாட்டி அடித்துக் காட்டினார்கள். கார்ப்பரேஷன் குழாய் மாதிரி சொட்டியது. சொட்டுகிற டீசல் முழுசாக எரியாது, கரியாகும், கரி, புகையாகும், புகை என் சம்பளம். நாசில் மாற்றி, சரியான அழுத்தத்துக்கு செட் பண்ணி, டாப்பெட் இடைவெளி பார்த்து, டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி உதைத்தோம். சத்தமே மாறியிருந்தது. 53.

இங்கேதான் எனக்குப் பேராசை வந்தது. "அண்ணே, பம்ப்பைக் கொஞ்சம் ஏத்திவிட்டு டீசல் அதிகமா அனுப்பினா பிக்கப் வருமில்லே?"

"வரும் ஸார். ஒரு பிடி அரிசிக்கு ஒரு கட்டு விறகு வெச்சா எப்டி வரும், அப்டி வரும். கீறது அதே காத்து. அதுக்கு மேல ஊத்துனா புகைதான். எஞ்சினும் சூடாயி பிஸ்டன் புட்சிக்கும்."

பெரிய எஞ்சினாக மாற்றிவிடலாமா என்றும் கேட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி, அனுமதியில்லாமல் அப்படிக் கைவைக்கக்கூடாது. ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறவன் பண்ணுகிற காரியமா அது? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிரேக் விடுபட்டு, நாசில் சரியானதுமே பிக்கப் தானாக வந்திருந்தது. ராயபுரம் பாலத்தில் இரண்டாவது கியருக்கு மாறி, சைக்கிள்காரர் அனுதாபத்தோடு பார்க்க ஏறுகிற வண்டி, இப்போது மூன்றாவதிலேயே ஏறுகிறது. சைக்கிள்காரர் பின்னால் வருகிறார்.

இன்னும் இரண்டு பாக்கி. ஒப்பந்தம் 55 அல்லவா?

"வண்டில இன்னும் ஒரு பார்ட் பாக்கி கீது ஸார்" என்றார் அண்ணன்.

"எது?"

"நீதான்."

நான் ஓட்டுகிற விதம் எனக்கே தெரியவில்லை. கன்டெய்னர் வரிசையைப் பார்த்தால் முறுக்கி முந்துவது, இருபதடியில் அடுத்த லாரி வந்ததும் பிரேக்கை மிதிப்பது. முறுக்கியது டீசல், மிதித்தது அதே டீசல். எரிபொருள் சிக்கனத்துக்காக 1978 முதல் இருக்கிற பி.சி.ஆர்.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பு, 45-லிருந்து 55 கிலோ மீட்டர் வேகத்தில் போகச் சொல்கிறது. என் காளைக்கு நாற்பதே சுகம். வேகம் இரட்டிப்பானால் காற்று தடுக்கிற விசை நாலு மடங்காகிறது. ஆறரைக் குதிரைக்கு அந்தச் சண்டை எதற்கு? லாரிகள் அசையாமல் நின்றால் எஞ்சினை அணைத்தேன். (மறுபடி உதைக்க வேண்டும். தொப்பைக்கு நல்லது.) தூரத்தில் சிக்னல் சிவப்பாகத் தெரிந்தால் முன்னமே கையை விட்டேன். முதல் வாரம் பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் என் பரம்பரையைப் பற்றி விசாரித்தார்கள். பழகிவிட்டது. ஆபீசுக்கு மூன்று நிமிஷம் தாமதம்.

அடுத்த டேங்க், 58.

மொத்தச் செலவு, காந்தம் கஷாயத்தைச் சேர்க்காமல், 6,350 ரூபாய். மாதம் 500 கிலோ மீட்டர் ஓட்டுகிறேன். 41-ல் பன்னிரண்டு லிட்டருக்கு மேல் குடித்தது, 58-ல் எட்டரைச் சொச்சம். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் 330 ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்ப ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். அப்பா வாங்கின காலத்துச் சலுகை விலையும் இல்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு கைவிட்டாகிவிட்டது. ஆகவே, 'பழைய வண்டியைச் சரிபண்ணி லட்சாதிபதி ஆனேன்' என்று நான் புளுகத் தயாரில்லை. ஆனால், புகை டெஸ்ட்டில் பாஸ். இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து, ஒரு தடவை தானே உதைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். 2030 வரை கவலையில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. அப்பாவின் எழுபது எங்கே? மீதிப் பன்னிரண்டு எங்கே போயிற்று?

ஒரு ராத்திரி பேச்சுவாக்கில் கேட்டேன். "எழுபதுன்னு எப்படிப்பா கணக்குப் போட்டீங்க?"

"இதென்ன பிரமாதம்? பன்னெண்டு லிட்டர் போட்டா, முப்பத்தஞ்சு ஆபீஸ் நாள் ஓடும். போக பன்னெண்டு கிலோமீட்டர், வர பன்னெண்டு. நீயே பெருக்கிக்கோ."

பெருக்கினேன். 840 கிலோ மீட்டர், பன்னிரண்டு லிட்டர். சரியாக எழுபது.

வீட்டிலிருந்து ராஜாஜி சாலைக்குப் பன்னிரண்டு கிலோ மீட்டர் என்று அவருக்கு யார் சொன்னார்களோ! நானும் அதே சாலைக்குத்தான் தினம் போகிறேன். மேப்பில் பத்து. 35 நாள், நாளுக்கு இருபது. 700 கிலோ மீட்டர். பன்னிரண்டால் வகுத்தேன்.

58.3.

முப்பது வருஷத்துக்கு முன்னால் புது வண்டி கொடுத்ததும் இதுதான். கணக்கு நோட்டை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் மனைவி. அவளும் கணக்கில் புலி.

"என்னடா, எழுபது வந்துடுச்சா?" என்றார் அப்பா.

நான் வாயைத் திறப்பதற்குள், "வந்துடுச்சு மாமா" என்றாள் அவள், மோரை ஊற்றிக்கொண்டே.

"நான்தான் சொன்னேனே!"

மறுநாள் காலை எட்டு மணி. வண்டியை உதைத்தேன். வழக்கம்போல் அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார்.

"டாப்பெட் லேசாப் பேசுதுடா. சாயங்காலம் அந்தக் காசிமேட்டுக்காரர்கிட்ட காட்டிட்டு வா."