பழைய டொயோட்டா பிக்கப்பின் எஞ்சினைச் சீரமைத்தல்

பழைய டொயோட்டா பிக்கப்பின் எஞ்சினைச் சீரமைத்தல் என்பது, 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட டொயோட்டா சிறு சரக்குந்துகளில், எஞ்சின் கோளாற்றினால் விலை குறைந்த ஒன்றை வாங்கி, கோளாற்றைக் கண்டறிந்து, மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் பணியாகும். இவ்வண்டிகளுள் பலவற்றில் 22ஆர் வகை நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ளது. இவ்வெஞ்சின் நீண்ட உழைப்புக்குப் பெயர் பெற்றது. எனினும் 1983ஆம் ஆண்டு மாதிரி முதல் வந்தவற்றில், டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் உடைவது பரவலாக அறியப்பட்ட குறையாகும். தொடக்கத்திலேயே கவனித்தால் இப்பழுது செயினையும் அதைச் சார்ந்த சில உதிரிகளையும் மாற்றுவதோடு முடிந்துவிடும். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் முழுவதும் வீணாகலாம். எனவே, இத்தகைய வண்டியை வாங்குவோருக்கு அதன் விலையை விட, பழுது எந்தக் கட்டத்தை அடைந்துள்ளது என்பதே முதன்மையான கேள்வியாகும்.

வரலாறு

டொயோட்டா நிறுவனம் 1968இல் ஹைலக்ஸ் என்னும் சிறு சரக்குந்தை ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. ஐக்கிய அமெரிக்காவில் 1970களின் நடுப்பகுதியில் ஹைலக்ஸ் என்ற பெயர் கைவிடப்பட்டது. அதன் பின்னர் அங்கு இவ்வண்டி டொயோட்டா டிரக், டொயோட்டா பிக்கப் ஆகிய பொதுப் பெயர்களிலேயே விற்கப்பட்டது. 1995இல் டகோமா என்னும் புதிய வண்டி இதன் இடத்தைப் பெற்றது.

அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் விதித்த வரிக்கு எதிர் நடவடிக்கையாக, 1963 டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், இறக்குமதியாகும் இலகுரகச் சரக்குந்துகள் மீது 25 விழுக்காடு வரி விதித்தார். இது "கோழி வரி" என அழைக்கப்படுகிறது. இவ்வரியைக் குறைக்க, சரக்குப் பெட்டி இல்லாத வண்டிகள் இறக்குமதி செய்யப்பட்டு, பெட்டி அமெரிக்காவில் பொருத்தப்பட்டது. டொயோட்டா வண்டிகளுக்கான பெட்டிகள் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் 1970களில் இருந்து செய்யப்பட்டன. 1980இல் இவ்வழி அடைக்கப்பட்டது. ஓட்டுநர் அறையும் சரக்குப் பெட்டியும் அடிச்சட்டத்தின் மீது தனித்தனியே போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருப்பதால், துருப்பிடித்த பெட்டியை மட்டும் கழற்றி மாற்ற இயலும். பழைய வண்டியைச் சீரமைப்போருக்கு இது ஒரு வசதியாகும்.

எஞ்சினின் அமைப்பு

22ஆர் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 92 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 89 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 2366 கன செ.மீ. ஆகும். எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பாலும், சிலிண்டர் ஹெட் அலுமினியத்தாலும் ஆனவை. ஹெட்டில் ஒரே ஒரு கேம் ஷாஃப்டும், சிலிண்டருக்கு இரண்டாக எட்டு வால்வுகளும் உள்ளன. கார்புரேட்டர் கொண்டது 22ஆர் எனவும், மின்னணு முறையில் எரிபொருளைத் தெளிப்பது 22ஆர்-இ எனவும் குறிக்கப்படுகின்றன. 1980களின் இறுதியிலிருந்து சில வண்டிகளில் வி6 எஞ்சின் பொருத்தப்பட்டது. அதில் செயினுக்குப் பதிலாகப் பட்டை பயன்படுவதால் கீழ்க்காணும் செயின் பழுது அதற்குப் பொருந்தாது.

கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுழலும்போது கேம் ஷாஃப்ட் ஒருமுறை சுழல வேண்டும். இவ்விரண்டையும் இணைப்பது டைமிங் செயினாகும். செயின் எஞ்சினின் முன்புறத்தில் அலுமினிய மூடி ஒன்றினுள் ஓடுகிறது. அதன் ஒரு பக்கத்தில் நேரான வழிகாட்டியும், மறுபக்கத்தில் எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனரும் உள்ளன. முந்தைய 22ஆர் எஞ்சின்களில் செயின் இரட்டை வரிசை கொண்டதாக இருந்தது. 1983ஆம் ஆண்டு மாதிரி முதல் ஒற்றை வரிசைச் செயினும் பிளாஸ்டிக் வழிகாட்டிகளும் பயன்படுத்தப்பட்டன.

செயின் பழுது வளரும் விதம்

எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்கும்போது டென்ஷனரில் ஆயில் அழுத்தம் இராது. எனவே, குளிர்ந்த எஞ்சினை இயக்கும் முதல் சில நொடிகளில் செயின் தளர்வாகவே ஓடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல செயின் தேய்ந்து நீள்கிறது. பிளாஸ்டிக்கும் வெப்பத்தால் நொறுங்கும் தன்மையை அடைகிறது. தளர்ந்த செயின் மீண்டும் மீண்டும் அடிப்பதால் ஓட்டுநர் பக்கத்து வழிகாட்டி ஒருநாள் உடைகிறது.

இதன் பின்னர் பழுது மூன்று கட்டங்களில் வளர்கிறது.

1. காலையில் முதன்முறை இயக்கும்போது எஞ்சினின் முன்புறத்திலிருந்து கடகடவென்ற ஒலி சில நொடிகள் எழுந்து அடங்கும். இக்கட்டத்தில் செயினையும் வழிகாட்டிகளையும் மாற்றினால் போதுமானது.

2. ஒலி நிலையாகக் கேட்கும். தாங்குவதற்கு வழிகாட்டி இல்லாததால் செயின் அலுமினிய மூடியின் உட்புறத்தை அரம் போல அறுக்கும். மூடியும் மாற்றப்பட வேண்டியதாகிறது.

3. மூடியின் மறுபுறத்தில் குளிர்நீர் செல்லும் பாதை உள்ளது. செயின் இதனை அறுத்துத் துளையிட்டால் குளிர்நீர் ஆயிலுடன் கலக்கும். கலங்கிய ஆயிலால் கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகள் கெடும். மேலும் செயின் பற்களைத் தாண்டி நழுவினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையக்கூடும்.

மூன்றாம் கட்டத்தை எட்டிய எஞ்சினில் ரேடியேட்டரில் நீர் குறைந்துகொண்டே போகும். வெளியே கசிவு எதுவும் தெரியாது. இதனைப் பலர் ஹெட் கேஸ்கெட் பழுது எனத் தவறாகக் கணித்து, ஹெட்டை மட்டும் கழற்றிச் சீர்செய்துவிட்டு, மீண்டும் அதே சிக்கலைச் சந்திக்கின்றனர்.

பழுதைக் கண்டறிதல்

உதிரிகளை வாங்குவதற்கு முன் பழுதை உறுதி செய்வது செலவைக் குறைக்கும். செலவில்லாத சோதனைகளில் தொடங்கிக் கருவிகள் தேவைப்படும் சோதனைகளுக்குச் செல்வது முறையாகும்.

குளிர்ந்த நிலையில் இயக்குதல்: செயின் ஒலி குளிர்ந்த எஞ்சினிலேயே தெளிவாக வெளிப்படும். விற்பவர் முன்னரே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் அது கேட்காமல் போகலாம். எனவே எஞ்சின் குளிர்ந்துள்ளதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஆயிலும் நீரும்: ஆயில் அளவுகோலிலோ, ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்திலோ பால் கலந்தது போன்ற நிறம் இருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கலாம். குறுந்தொலைவு மட்டும் ஓடிய வண்டிகளில் நீராவி படிவதால் மூடியில் மட்டும் இந்நிறம் தோன்றுவதுண்டு.

புகையின் நிறம்: நீலப் புகை ஆயில் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகுதியையும், சூடான பின்னும் நீங்காத வெண்புகை குளிர்நீர் எரிவதையும் காட்டும்.

கம்ப்ரஷன் சோதனை: இவ்வெஞ்சினுக்குரிய இயல்பான அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோகிராம் (171 பிஎஸ்ஐ) ஆகும். குறைந்த அளவு 10 கிலோகிராம் (142 பிஎஸ்ஐ). சிலிண்டர்களுக்கிடையே 1 கிலோகிராமுக்கு மேல் வேறுபாடு இருத்தலாகாது. குறைவான சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் ரிங்குகளும், உயராவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்டும் ஐயத்துக்குரியவை. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் அழுத்தம் குறைந்திருப்பின் அவற்றுக்கிடையே கேஸ்கெட் எரிந்திருக்கக்கூடும்.

சீரற்ற ஓட்டம்: எஞ்சின் நடுங்கி ஓடுவது எப்போதும் உட்பழுதைக் குறிப்பதில்லை. 22ஆர்-இ எஞ்சினில் காற்றளவிக்குப் பின்னுள்ள ரப்பர் குழாயில் விரிசல் இருந்தால், அளக்கப்படாத காற்று நுழைந்து கலவை மெலியும். சோதனை இணைப்பியில் உரிய இரு முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால், எச்சரிக்கை விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையைக் கொண்டு கணினி பதிந்துள்ள பழுதை அறியலாம்.

செயினை மாற்றும் முறை

பேட்டரி இணைப்பை நீக்கி, நீரையும் ஆயிலையும் வடித்த பின், ரேடியேட்டர், விசிறி, பெல்ட்டுகள், வால்வு மூடி ஆகியவை கழற்றப்படுகின்றன. முதல் சிலிண்டரின் பிஸ்டன், அழுத்த வீச்சின் உச்சத்தில் நிற்குமாறு எஞ்சின் திருப்பி வைக்கப்படுகிறது. பின்னர் கிராங்க் புல்லியும் முன்மூடியும் நீக்கப்படுகின்றன.

முன்மூடியைக் கழற்றும்போது பலர் தவறவிடுவது மறைந்துள்ள ஒரு போல்ட்டாகும். அது ஹெட்டின் முன்பகுதியில், கேம் ஷாஃப்டின் பற்சக்கரத்துக்கு முன்னுள்ள குழியில், தேங்கிய ஆயிலுக்கு அடியில் இருக்கிறது. அதனை அறியாமல் மூடியை நெம்பினால் அலுமினியம் உடைந்துவிடும்.

மூடியைக் கழற்றியதும் அதன் உட்புறத்தில் செயின் அறுத்த பள்ளம் உள்ளதா என விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஆழமான பள்ளம் இருந்தால் புதிய மூடியே பொருத்தமானது. உடைந்த பிளாஸ்டிக் துண்டுகள் ஆயில் தொட்டியில் விழுந்திருக்கும். அவை ஆயில் உறிஞ்சும் வடிகட்டியை அடைத்தால் புதிய செயினும் பயன்தராது. ஆகவே தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்வது நல்லது. நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளில் முன்புற டிஃபரன்ஷியல் இதற்கு இடையூறாக இருப்பதால் இவ்வேலை கடினமானது.

புதிய செயினில் பளபளப்பான கண்ணிகள் உள்ளன. அவற்றைப் பற்சக்கரங்களில் உள்ள குறிகளுடன் பொருத்த வேண்டும். உலோக முதுகு கொண்ட வழிகாட்டிகள் சந்தையில் கிடைக்கின்றன; முழுப் பிளாஸ்டிக்கை விட இவை உறுதியானவை. பூட்டிய பின் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் திருப்ப வேண்டும். எங்காவது தடை உணரப்பட்டால் வலிந்து திருப்பாமல் குறிகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும். கிராங்க் புல்லியின் போல்ட் ஏறத்தாழ 157 நியூட்டன் மீட்டர் திருக்கு விசையில் முறுக்கப்படுகிறது. இறுதியாக, எஞ்சின் சூடான நிலையில் வால்வு இடைவெளி உள்வாங்கும் பக்கம் 0.20 மி.மீ., வெளியேற்றும் பக்கம் 0.30 மி.மீ. என அமைக்கப்படுகிறது.

ஹெட் கேஸ்கெட்

இரும்பும் அலுமினியமும் வெவ்வேறு அளவில் விரிவடைபவை. எஞ்சின் ஒருமுறை மிகையாகச் சூடேறினாலும் ஹெட் வளைந்து கேஸ்கெட் கசியலாம். ஹெட்டைக் கழற்றினால் அதன் அடித்தளம் நேராக உள்ளதா என நேர்விளிம்பு கொண்டு சோதித்து, தேவைப்பட்டால் பட்டறையில் சமன்செய்ய வேண்டும். ஹெட்டின் பத்து போல்ட்டுகளும் நடுவிலிருந்து வெளிநோக்கி மூன்று சுற்றுகளாக, ஏறத்தாழ 78 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கப்படுகின்றன. மிகையாகச் சூடேறியதற்கான காரணத்தை, எடுத்துக்காட்டாக அடைபட்ட ரேடியேட்டர் அல்லது பழுதான தெர்மோஸ்டாட்டை, சரிசெய்யாவிட்டால் புதிய கேஸ்கெட்டும் நிலைக்காது.

வாங்குமுன் கருத வேண்டியவை

எஞ்சினை மாற்றலாம், அடிச்சட்டத்தை மாற்றுவது கடினம். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவப்படும் மாநிலங்களில் ஓடிய வண்டிகளின் அடிச்சட்டம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். எனவே எஞ்சினைத் திறப்பதற்கு முன் அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது வழக்கம். மந்தமான ஒலி எழும் இடம், இற்றுப்போன உலோகத்தைக் காட்டும்.

ஆயிலில் நீர் கலந்த வண்டியாயின் ஆயில் வடிகட்டியை வெட்டிப் பார்க்கலாம். மடிப்புகளில் உலோகத் துகள்கள் மின்னினால் பேரிங்குகள் தேய்ந்துள்ளன எனக் கொள்ளலாம். அந்நிலையில் செயினை மட்டும் மாற்றுவது வீண் செலவாகும். முழு எஞ்சினையும் பிரித்துச் சீரமைப்பதா, வேறு எஞ்சின் பொருத்துவதா என்பதையே கணக்கிட வேண்டும்.

கலிபோர்னியாவில் 1976ஆம் ஆண்டு மாதிரி முதலான பெட்ரோல் வண்டிகள் புகைச் சோதனையில் தேற வேண்டும். கார்புரேட்டர் கொண்ட 22ஆர் எஞ்சினில் புகைக் கட்டுப்பாட்டுக்கான வெற்றிடக் குழாய்கள் பல உள்ளன. முந்தைய உரிமையாளர் அவற்றை அகற்றியிருந்தால், நன்றாக ஓடும் வண்டியும் பதிவைப் புதுப்பிக்க இயலாமல் நின்றுவிடும்.

பாதுகாப்பு

வண்டிக்கு அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல், உறுதியான தாங்கிகளின் மீது வண்டியை நிறுத்த வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது. குளிர்நீரில் கலக்கப்படும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சாகும். தேங்கவிட்டால் நாய், பூனை முதலிய வளர்ப்பு விலங்குகள் குடித்து இறக்க நேரிடும். வடித்த குளிர்நீரையும் ஆயிலையும் மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல், தனித்தனிக் கலன்களில் சேர்த்து, உரிய சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைக்க வேண்டும்.