கேட்டால் பதில் சொல்லும் போர்டு

தெற்கு அந்தமானில், போர்ட் பிளேரை (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஒட்டிய ஊர் சிப்பிகாட். கிராம்பு, ஜாதிக்காய், இலவங்கப்பட்டை, மிளகு, தென்னை வளரும் அரசுப் பண்ணையால் சுற்றுலாப் பயணிகளுக்கு அறிமுகமான ஊர். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இந்தப் பகுதியின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. சுனாமி வடிந்த பிறகும் கடல் முழுதாக விலகவில்லை. நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறும்போது தாழ்வான வயல்களுக்குள் உப்புநீர் புகத் தொடங்கியது. நெல் விளைந்த நிலம் சதுப்பாகி, நீர்ப்பறவைகளின் மேய்ச்சலிடமாயிற்று.

இத்தகைய ஊரில் வாழ்பவர்களுக்கு எழும் கேள்விகள் எளியவை. இன்று ஓதம் எவ்வளவு ஏறியது? மழையோடு சேர்ந்து ஏறினால் வரப்பு தாங்குமா? போன மாதத்தைவிட இந்த மாதம் உயரம் கூடியிருக்கிறதா? இவற்றுக்கு விடை வேண்டுமென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து குறித்துவைக்கும் ஒரு கருவி போதும். அதைப் பள்ளி மாணவர்களே செய்துவிடலாம்.

செய்வதைவிடப் பராமரிப்பதுதான் கடினம். சென்னையிலிருந்து கப்பலில் வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். விமானத்தில் வந்துபோகும் செலவு கருவியின் விலையைப் போலப் பல மடங்கு. எனவே கருவி நின்றுபோனால், அந்த நேரத்தில் அதன் பக்கத்தில் இருப்பவரே காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் கேள்வி கேட்டால் கருவி பதில் சொல்ல வேண்டும். இந்தப் பண்பைச் சின்னஞ்சிறு மின்னணுப் போர்டுகளுக்குள் கொண்டுவந்திருப்பது மைக்ரோபைத்தான் என்ற மென்பொருள். தீவுகளுக்கும் தொலைதூரக் கிராமங்களுக்கும் இது எவ்வளவு பெரிய வரம் என்பதை நாம் இன்னும் சரியாக உணரவில்லை.

விரல் நீளத்தில் ஒரு கணினி

2021 ஜனவரியில் ராஸ்பெர்ரி பை நிறுவனம் பிக்கோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டை 4 டாலர் விலையில் வெளியிட்டது. 51 மில்லிமீட்டர் நீளம், 21 மில்லிமீட்டர் அகலம். அதிலுள்ள ஆர்பி2040 சில்லில் இரண்டு செயலிக் கருக்கள், 264 கிலோபைட் ரேம். போர்டில் நிரல்களைச் சேமிக்க 2 மெகாபைட் ஃபிளாஷ். 8 ஜிகாபைட் ரேம் உள்ள கைபேசியோடு ஒப்பிட்டால் நினைவகம் முப்பதாயிரத்தில் ஒரு பங்குதான். விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்குதளம் எதுவும் இதில் இல்லை. ஒரே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் இடைவிடாமல் செய்வதற்கென்றே பிறந்தது.

இத்தகைய போர்டுகளுக்கு நெடுங்காலமாக சி மொழியில்தான் நிரல் எழுதினார்கள். கணினியில் நிரலை எழுதி, தொகுத்து, இயந்திர மொழிக்கு மாற்றி, கேபிள் வழியே போர்டில் பதித்து, மறுபடி தொடங்கவைத்துப் பார்க்க வேண்டும். ஓர் எண்ணை மாற்றினாலும் முதலிலிருந்து அத்தனையும். வேகத்துக்கும் துல்லியத்துக்கும் இன்றும் அந்த முறைக்கு ஈடில்லை. ஆனால் அப்படிப் பதித்த நிரல் இயந்திர எண்களின் குவியல். மூல நிரலும் உரிய மென்பொருளும் கையில் இல்லாதவருக்கு அது ஊமை.

ஆஸ்திரேலிய இயற்பியலாளர் டேமியன் ஜார்ஜ் 2013 நவம்பரில் வேறொரு வழியை முன்வைத்தார். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பரவியிருந்த பைத்தான் மொழியை மைக்ரோகண்ட்ரோலருக்குள் அடங்கும்படி புதிதாக எழுதப்போவதாகச் சொல்லி, கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 15,000 பவுண்டு கேட்டார். 1,931 பேர் சேர்ந்து 97,803 பவுண்டு கொடுத்தார்கள். அப்படிப் பிறந்த மைக்ரோபைத்தான் 256 கிலோபைட் நிரலிடமும் 16 கிலோபைட் ரேமும் இருந்தாலே ஓடக்கூடியது. பிக்கோ, ஈஎஸ்பி32 எனப் பலவகைப் போர்டுகளில் இன்று அது கிடைக்கிறது. ஒருமுறை ஃபர்ம்வேராக, அதாவது போர்டின் அடிப்படை மென்பொருளாக, பதித்துவிட்டால் போதும். பைத்தானைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் போர்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

மூன்று அம்புக்குறிகள்

பதித்த போர்டை யுஎஸ்பி கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து, தோனி போன்ற இலவச மென்பொருளைத் திறந்தால் திரையில் >>> என்ற குறி வரும். எதிரே 2+3 என்று தட்டினால் 5 என்று பதில் வரும். கூட்டியது மடிக்கணினி அன்று, போர்டு. தட்டிய வரியைப் படிக்கிறது, பைட்கோடு என்ற இடைநிலைக் குறியீடாக மாற்றுகிறது, ஓட்டுகிறது, விடையை அச்சிடுகிறது, அடுத்த வரிக்குக் காத்திருக்கிறது. இந்தச் சுழற்சிக்கு ரெப்பிள் என்று பெயர்.

சிப்பிகாட்டின் வயலோரக் கால்வாய்க்கு மேலே ஒரு கம்பத்தில், தண்ணீரைப் பார்த்தபடி மீயொலி சென்சார் ஒன்றைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். அது அனுப்பும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தை மைக்ரோபைத்தானின் ஒரே வரியால் அளக்கலாம். பதில் 11,460 மைக்ரோவிநாடி என்று வந்தால், 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு 349 மீட்டர் என்பதால், நீர்மட்டம் சென்சாருக்குக் கீழே 2 மீட்டரில் இருக்கிறது.

எண்ணுக்குப் பதிலாக -2 என்று வந்தால் எதிரொலித் துடிப்பு தொடங்கவே இல்லை. இணைப்பையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். -1 என்று வந்தால் துடிப்பு தொடங்கியது, குறித்த நேரத்துக்குள் முடியவில்லை. கோளாறு ஒயரிலா, அளவீட்டிலா என்பதை இந்த இரண்டு எண்களே பிரித்துக் காட்டிவிடுகின்றன. முழு நிரலை எழுதி முடிக்கும் முன்பே, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே விசாரித்துவிடலாம். நிரல் எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்பதையே இது மாற்றிவிடுகிறது: ஊகித்து நூறு வரி எழுதிவிட்டுத் திகைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு வரியையும் உண்மையோடு உரசிப் பார்த்துக்கொண்டே முன்னேறலாம்.

பேக்கேஜ் வரும் வழி

ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும். 23 டிகிரியிலிருந்து 31 டிகிரிக்கு ஏறினால் 2 மீட்டர் அளவில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் பிழை வந்துவிடும். ஓதத்தின் மாற்றத்தைப் பதிவு செய்பவர்களுக்கு அது சிறிய பிழை இல்லை. எனவே வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் அளக்கும் பாஷ் நிறுவனத்தின் பிஎம்ஈ280 சென்சாரையும் சேர்க்கலாம். அது தரும் எண்களை டிகிரியாகவும் விழுக்காடாகவும் மாற்றும் கணக்கு சற்று நீளமானது. அதை யாரோ ஏற்கெனவே எழுதி, பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து போர்டில் வைப்பதுதான் பேக்கேஜ் நிறுவுதல்.

மிப் என்ற கருவி இதற்கு உதவுகிறது. வைஃபை உள்ள போர்டு என்றால், அதை இணையத்தில் இணைத்து ரெப்பிளில் ஒரு வரி தட்டினால் போதும்; கோப்பு இறங்கி, லிப் என்ற அடைவில் அமர்ந்துகொள்ளும். வைஃபை இல்லாத போர்டுக்கு, எம்பி-ரிமோட் என்ற மென்பொருள் மடிக்கணினியின் இணையத்தில் கோப்பை இறக்கி, கேபிள் வழியே போர்டுக்குள் சேர்க்கும். பெரிய கணினிகளுக்காக எழுதப்பட்ட பைத்தான் பேக்கேஜ்களை அப்படியே ஏற்ற முடியாது. அவற்றுக்கு இங்கே இடமும் இல்லை, அவை எதிர்பார்க்கும் இயக்குதளமும் இல்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரண மூலக் கோப்பாக வைத்தால், ஒவ்வொரு முறை தொடங்கிய பின் அதை முதலில் அழைக்கும்போதும் போர்டு அதைத் தன் ரேமிலேயே பைட்கோடாக மாற்றும். கோப்பு பெரிதானால் ஃபிளாஷில் இடமிருந்தும் ‘நினைவகம் போதவில்லை’ என்ற பிழை வரும். முன்கூட்டியே பைட்கோடாக மாற்றிய எம்பிஒய் கோப்புகள் அந்தச் சுமையைத் தவிர்க்கும். ஆனால் அந்தக் கோப்பின் பதிப்பும் ஃபர்ம்வேரின் பதிப்பும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் போர்டு அதை ஏற்க மறுத்து, காரணத்தையும் சொல்லிவிடும்.

அந்தமானில் பேக்கேஜ் நிறுவுவது 2020-க்கு முன் எவ்வளவு பொறுமையைக் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதுவரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடியில் வந்த 2,312 கிலோமீட்டர் கண்ணாடி இழைக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. நிலைமை வெகுவாக மேம்பட்டது. ஆயினும் சதுப்பின் ஓரத்தில், மழையில், சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஃபர்ம்வேர், பேக்கேஜ்களின் மூலக் கோப்புகள், கையேடுகள் அனைத்தின் நகலும் ஒரு பென்டிரைவில் உடன் இருக்க வேண்டும். சில கிலோபைட் அளவுள்ள கோப்புகள்தாம். இணையமே இல்லாமல் கேபிள் வழியே ஏற்றிவிடலாம்.

பிழையை விசாரித்தல்

பிஎம்ஈ280-ஐ இணைத்தாயிற்று. ஈரப்பதம் மட்டும் வரவில்லை. நிரலில் தவறா, ஒயரிலா, சென்சாரிலா? கீழிருந்து மேலாகக் கேட்டுக்கொண்டே வரவேண்டும். சென்சாருக்கும் போர்டுக்கும் இடையே உள்ள ஐ-டூ-சி இணைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஸ்கேன் கட்டளையால் கேட்டால், முகவரிகளின் பட்டியல் வரும். [118] அல்லது [119] என்றால் சென்சார் பேசுகிறது. [] என்று வெறுமையாக வந்தால் ஒயர், மின்சாரம், அல்லது உப்புக் காற்றில் அரித்துப்போன முனை என்று பொருள். நிரலைத் தொட வேண்டியதில்லை.

பட்டியலில் 118 வந்தும் ஈரப்பதம் இல்லையென்றால் சென்சாரிடமே ‘நீ யார்’ என்று கேட்கலாம். அதன் 208-ஆம் பதிவேட்டில் அடையாள எண் இருக்கிறது. பிஎம்ஈ280 என்றால் 96. 88 என்று வந்தால் அது பிஎம்பி280; பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதே முகவரியில் பேசும், ஈரப்பதம் மட்டும் அளக்காது. கடையில் இரண்டும் பெயர் மாறிக் கிடைப்பதுண்டு. நாள் முழுக்க நிரலைத் திருத்தினாலும் தீராத கோளாறு ஒரே கேள்வியில் தீர்ந்துவிடுகிறது.

இன்னொரு வகைப் பிழை உடனே தலைகாட்டாது. போர்டுக்குள் மில்லிவிநாடிகளை எண்ணும் கடிகாரம் ஒன்று உண்டு. பெரும்பாலான போர்டுகளில் அது 1,07,37,41,823 வரை எண்ணிவிட்டு மறுபடி சுழியத்துக்குப் போய்விடும். அதாவது 12 நாளும் 10 மணி நேரமும் ஆனதும் எண்ணிக்கை திரும்புகிறது. முந்தைய நேரத்தைச் சாதாரணமாகக் கழித்துப் பார்க்கும் நிரல் பன்னிரண்டு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, பதின்மூன்றாம் நாள் அளப்பதையே நிறுத்திவிடலாம். அதற்குள் பொருத்தியவர் சென்னைக்குத் திரும்பியிருப்பார். எண்ணிக்கை திரும்புவதையும் கணக்கில் கொண்டு கழிக்கும் தனிக் கட்டளை மைக்ரோபைத்தானில் இருக்கிறது. இதைச் சோதிக்கப் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டாம். சுழியத்துக்கு ஒன்று முந்தைய எண் எது என்று ரெப்பிளில் கேட்டால் அந்த உச்ச எண்ணைப் போர்டு சொல்லும். அதையே தொடக்க நேரமாகக் கொடுத்து, நிரல் சரியாகக் கழிக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலையும் விசாரிக்கலாம். மின்சாரம் வந்தவுடன் தானாக ஓடும் கோப்பு மெயின். கேபிளை இணைத்து கண்ட்ரோல்-சி அழுத்தினால் அது நின்று, எந்த வரியில் நின்றது என்பதைக் காட்டும். அதுவரை சேர்ந்த பொதுமாறிகள் அழிந்துவிடாது: கடைசி அளவு என்ன, எத்தனை அளவுகள் பதிவாயின, ரேமில் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். பார்த்து முடித்து கண்ட்ரோல்-டி அழுத்தினால் நிரல் புதிதாகத் தொடங்கும். நிரல் உறைந்துபோனால் போர்டைத் தானே மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் வசதியும் உண்டு. பிக்கோவில் அதைத் தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது என்பதால், சோதனைகளெல்லாம் முடிந்த பிறகே அதை இயக்க வேண்டும்.

விண்வெளியிலும் இதே பாடம்

தொலைவில் உள்ள இயந்திரத்தோடு பேசுவதன் மதிப்பை நாசா 1999-இல் நேரில் கண்டது. முந்தைய ஆண்டு அக்டோபரில் ஏவப்பட்ட டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தை, ரிமோட் ஏஜென்ட் என்ற தன்னியக்க மென்பொருள் மே மாதத்தில் சில நாள் இயக்கியது. லிஸ்ப் மொழியில் எழுதப்பட்ட அந்த நிரல் நடுவில் நின்றுபோனது. இரண்டு பகுதிகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் முட்டுக்கட்டை அது. தரையில் செய்த சோதனைகளில் ஒருமுறைகூடத் தோன்றாதது. பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கலத்தில் ஊடாடும் லிஸ்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வழியே நிரலின் நிலையைக் கேட்டறிந்து பொறியாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அன்று அப்படிப்பட்ட விண்கலத்துக்கு வாய்த்த வசதி, இன்று சில நூறு ரூபாய் போர்டில் மாணவர் கைக்கு எட்டுகிறது.

தீவுக்கு வேண்டியது

2016-இல் நிதி ஆயோக் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் வழியே நாடெங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகள் போயிருக்கின்றன. பொம்மைக் காரும் விளக்கும் செய்து கண்காட்சியில் வைப்பதோடு அவற்றின் வேலை முடிந்துவிடக் கூடாது. ஊரின் ஓதத்தை, கிணற்றின் உப்பை, மழையை ஆண்டுக்கணக்கில் அளக்கும் பொறுப்பை மாணவர்களிடம் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் தீவில் கருவிகள் கட்டாயம் பழுதாகும். பழுதாகும்போதெல்லாம் விசாரித்துச் சரிசெய்வதே அவர்களுக்கு இயற்பியலும் மின்னணுவியலும் கற்றுத்தரும்.

அதற்கு மூன்று பழக்கங்கள் போதும். ஃபர்ம்வேரும் பேக்கேஜ்களும் ஆய்வகத்திலேயே, பதிப்பு எண் குறித்து, நகலாக இருக்க வேண்டும். நிரல் தான் சந்திக்கும் ஒவ்வொரு பிழையையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். மைக்ரோபைத்தானில் அதற்குச் சில வரிகளே தேவை. மூன்றாவது, பிழைச் செய்திகள் கருவியைக் கவனித்துக்கொள்பவரின் மொழியில் இருக்க வேண்டும். மைக்ரோபைத்தானின் சரங்கள் யூனிகோடை ஏற்கின்றன. ‘நீர்மட்ட சென்சார் பதில் தரவில்லை, ஒயரைப் பார்க்கவும்’ என்று தமிழிலேயே எழுதவைக்கலாம். வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு என்று பல மொழியினர் கலந்து வாழும் அந்தமானில், அந்தந்தப் பள்ளி தன் மொழியைத் தேர்ந்துகொள்ளலாம்.

தீவுக்கு இதுவரை வந்த கருவிகளில் பெரும்பாலானவை பழுதானால் கடல் தாண்டித் திரும்பிப்போக வேண்டியவை. அங்கேயே திறந்து, அங்கேயே கேட்டு, அங்கேயே திருத்தக்கூடிய கருவிகள் இப்போது கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன. நீர் புகும் வயலுக்குச் சொந்தக்காரரின் பிள்ளையே அந்த அளவுகளை எடுக்கட்டும், கருவி நின்றால் அதை விசாரிக்கட்டும். அப்படிச் சேரும் ஒவ்வோர் எண்ணையும் எப்படி அளந்தோம் என்று அவர்களே விளக்க முடியும். நிலத்தையும் வரப்பையும் பற்றி அதிகாரிகளிடம் பேசும்போது அதைவிட வலுவான சான்று அவர்களுக்குத் தேவைப்படாது.