ஒரே ஆல்பமா, வேறு வேறா?

'லெட் இட் பி' என்ற ஆல்பத்தை 1969-இல் வெளியிட்ட இசைக்குழு எது? பீட்டில்ஸ் என்றால் தவறு. அவர்களுடைய அந்த ஆல்பம் வந்தது 1970 மே மாதம். 1969-இல் பிரிட்டனில் அவர்கள் வெளியிட்ட ஆல்பங்கள் 'யெல்லோ சப்மரீன்', 'அபே ரோடு' இரண்டும்தான். இருந்தும் ஓர் இசை இணையதளம் இந்தக் கேள்விக்குப் பீட்டில்ஸ் என்றே பதில் தரக்கூடும், அதில் பதிந்த தேதிகள் அத்தனையும் சரியாக இருந்தாலும். கோளாறு, கேள்வியை நிரலாக எழுதிய விதத்தில் இருக்கும்.

இணையதளங்கள் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரத்து நாளிதழ் ஒன்றின் இணையப் பிரிவில் 2003-இல் அட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கிய வேலை அது. 2005-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. பெயர், ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுடையது.

அந்த இசை இணையதளத்தை ஜாங்கோவில் கட்டினால், குழுக்களுக்கு ஒரு டேபிள், ஆல்பங்களுக்கு ஒரு டேபிள். ஒவ்வோர் ஆல்பத்தின் வரியிலும் அது எந்தக் குழுவுடையது என்று சொல்லும் எண் மட்டும் இருக்கும். 1970-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்த உறவுமுறைத் தரவுத்தளக் கொள்கை இன்றும் இப்படித்தான் உயிரோடிருக்கிறது. ஜாங்கோவில் ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு 'மாடல்' உண்டு. ஒரு மாடலிலிருந்து இன்னொன்றுக்குப் போக, அந்த இன்னொன்றின் பெயருக்கும் அதிலுள்ள புலத்தின் பெயருக்கும் நடுவே இரட்டை அடிக்கோடு போட்டால் போதும். டேபிள்களை இணைக்கும் கட்டளையை, தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல்.-இல் ஜாங்கோவே எழுதிக்கொள்கிறது. அருமையான வசதி. ஆனால் இணைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவதும் இங்கேதான்.

'பெயர் லெட் இட் பி', 'ஆண்டு 1969' ஆகிய இரண்டு நிபந்தனைகளையும், பொருந்துவதை மட்டும் எடுத்துத் தரும் 'ஃபில்டர்' ஒன்றுக்குள்ளேயே எழுதினால், இரண்டும் ஒரே ஆல்பத்துக்குப் பொருந்த வேண்டும். பீட்டில்ஸ் வராது. ஒரு ஃபில்டரை எழுதி, அதன் பின்னால் இன்னொரு ஃபில்டரைக் கோத்தால் அர்த்தமே மாறிவிடும். ஜாங்கோ ஆல்பம் டேபிளை இரண்டு முறை இணைக்கும். அந்தப் பெயரில் ஏதோ ஓர் ஆல்பம், அந்த ஆண்டில் ஏதோ ஓர் ஆல்பம் இருந்தாலே குழு தேறிவிடும். பீட்டில்ஸ் வந்துவிடும், அதுவும் இரண்டு முறை! 1969-இல் அவர்களுக்கு இரண்டு ஆல்பங்கள் இருப்பதால் இணைப்பில் இரண்டு வரிகள் உருவாகின்றன. ஒரே வரி திரும்ப வருவதைத் தடுக்கும் 'டிஸ்டிங்க்ட்' சேர்த்தால் ஒன்றாகும். ஆனால் அது மறைப்பது இரட்டிப்பை மட்டுமே. தவறான பதில் அப்படியே நிற்கும்.

விலக்கிக் காட்டும் 'எக்ஸ்குளூட்' இன்னும் கவனம் கேட்கிறது. அங்கே இரண்டு நிபந்தனைகளையும் ஒன்றாகவே எழுதினாலும், அவை ஒரே ஆல்பத்தைக் குறிக்கும் என்று நம்ப முடியாது. 1969-இல் 'லெட் இட் பி' வெளியிட்ட குழுக்களை நீக்கச் சொன்னால், அப்படி எதுவும் செய்யாத பீட்டில்ஸும் பட்டியலிலிருந்து காணாமல் போகும். வரவேண்டியது வராமல் போவதை யாரும் எளிதில் கவனிப்பதில்லை என்பதால் இதுவே மோசமான பிழை. முதலில் இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தும் ஆல்பங்களைத் தேடி எடுத்து, பிறகு அவற்றுக்குரிய குழுக்களை விலக்குவதே பத்திரமான வழி. சந்தேகம் வந்தால், ஜாங்கோ எழுதிய எஸ்.கியூ.எல். கட்டளையையே அச்சிட்டுப் பார்க்கலாம். ஆல்பம் டேபிள் எத்தனை முறை இணைந்திருக்கிறது என்பது அதில் வெளிப்படையாகத் தெரியும்.