ஒரு பக்கம், பல முகவரிகள்

தேடுபொறியில் ஒரு சொல்லைத் தட்டியதும் அது உலகெங்கும் உள்ள இணையதளங்களை அந்தக் கணத்திலேயே துழாவிப் பார்த்து விடை கொண்டுவருகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அது தேடுவது இணையத்தில் அன்று, முன்பே தான் எடுத்து வைத்திருக்கும் படிகளிலிருந்து தொகுத்த சொல்லடைவில்தான். ஆகவே ஒரு பக்கம் விடைப்பட்டியலில் இடம்பெற வேண்டுமானால், தேடுபொறியின் நிரல் முதலில் அதைக் கண்டுபிடித்துப் படியெடுக்க வேண்டும், பிறகு அதன் சொற்களை அடைவில் சேர்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே, வெளியில் அதிகம் பேசப்படாத மூன்றாவது வேலை ஒன்று உண்டு: எடுத்த படி, ஏற்கெனவே கையிலிருக்கும் வேறொரு பக்கத்தின் மறுபடிதானா என்று தீர்மானிப்பது. முதலிரண்டும் பெரும்பாலும் உழைப்பையும் கணினித் திறனையும் பொறுத்தவை. மூன்றாவது, தீர்ப்புச் சொல்லும் வேலை, அத்தீர்ப்பு வாசகர் சொல்லக்கூடிய தீர்ப்போடு எப்போதும் ஒத்துப்போவதில்லை.

பக்கங்களைக் கண்டறிந்து படியெடுக்கும் நிரலுக்குக் கிராலர் என்று பெயர். கூகுளின் கிராலர் கூகுள்பாட் என்றும் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறிக்குரியது பிங்பாட் என்றும் அழைக்கப்படுகின்றன. ஊர்ந்து செல்வது என்ற பொருளில் பெயர் அமைந்திருந்தாலும் அந்நிரல் எங்கும் செல்வதில்லை. தன் கணினியில் இருந்தபடியே, ஓர் உலாவி கேட்பது போலத் தளத்தின் சர்வரிடம் பக்கத்தைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள இணைப்புகளைப் பிரித்தெடுத்து, இதுவரை பார்த்திராத முகவரிகளைக் காத்திருப்பு வரிசையில் சேர்த்து, அவ்வரிசையிலிருந்து அடுத்ததை எடுக்கிறது. தள உரிமையாளர்கள் தங்கள் முகவரிகளைப் பட்டியலிட்டுத் தரும் சைட்மேப் என்னும் கோப்பிலிருந்தும் இவ்வரிசை நிரம்புகிறது. அத்தகைய ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை அடங்கும்.

இவ்வகை நிரல்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் மேத்யூ கிரே 1993இல் எழுதிய வாண்டரர். வலை எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அளப்பதே அதன் முதல் நோக்கம். அக்காலத்துச் சர்வர்கள் திறன் குறைந்தவை என்பதால், இடைவிடாமல் பக்கங்களைக் கேட்கும் நிரல்கள் அவற்றைத் திணறடித்தன. இதற்குத் தீர்வாக 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்ததுதான் ரோபாட்ஸ் கோப்பு: தளத்தின் எந்தப் பகுதிக்குள் எந்தக் கிராலர் வரக்கூடாது என்பதைத் தளத்தின் வாசலிலேயே எழுதிவைக்கும் சிறு உரைக்கோப்பு. 28 ஆண்டுகள் வெறும் வழக்காறாகவே கடைப்பிடிக்கப்பட்ட இம்முறை, 2022இல்தான் ஆர்எஃப்சி 9309 என்ற எண்ணில் இணையத் தரநிலை ஆவணமாக வெளியானது. இன்றும் அது வேண்டுகோளே தவிரப் பூட்டு அன்று. மதிக்க விரும்பாத நிரலை அதனால் தடுக்க முடியாது. தள உரிமையாளர்கள் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் நுட்பம் ஒன்றும் இதில் உண்டு. அக்கோப்பு படியெடுப்பதைத்தான் தடுக்கிறது, அடைவில் சேர்ப்பதை அன்று. பிற தளங்களின் இணைப்புகள் வழியாகத் தெரியவந்த ஒரு முகவரி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப்படாமலேயே விடைப்பட்டியலில் தோன்றக்கூடும். அடைவில் சேர்க்கவே கூடாதென்றால் பக்கத்துக்குள் நோஇன்டெக்ஸ் என்ற குறிப்பை எழுத வேண்டும். அக்குறிப்பைக் கிராலர் படிக்க வேண்டுமானால் அப்பக்கத்தை ரோபாட்ஸ் கோப்பு தடுத்திருக்கக் கூடாது.

கிராலரின் பெரிய சிக்கல் பக்கங்களின் எண்ணிக்கை அன்று, முகவரிகளின் எண்ணிக்கை. லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1998இல் வெளியிட்ட கட்டுரையில் கூகுளின் சேமிப்பில் 2.4 கோடிப் பக்கங்கள் இருந்ததாகக் குறிப்பிட்டனர். பத்தாண்டுகளில், ஒரு லட்சம் கோடி தனித்த முகவரிகளைக் கண்டுவிட்டதாகக் கூகுள் அறிவித்தது. இவ்வளவையும் மனிதர் எழுதிவிடவில்லை. நாட்காட்டி உள்ள தளம் ஒன்றில் 'அடுத்த மாதம்' என்ற இணைப்பைத் தொடர்ந்துகொண்டே போனால் முடிவேயில்லாமல் வெற்றுப் பக்கங்கள் பிறந்துகொண்டிருக்கும். துணிக்கடையின் தளத்தில் நிறம், அளவு, விலை, துணிவகை, நிறுவனம் என ஐந்து வடிகட்டிகள் இருந்து, ஒவ்வொன்றிலும் நான்கு தெரிவுகளும் 'எதுவும் வேண்டாம்' என்ற ஐந்தாவது வழியும் இருந்தால், ஒரே சரக்கின் பட்டியலுக்கு 3,125 முகவரிகள் உண்டாகிவிடும். இவற்றோடு, விளம்பரத்தின் வழியே வந்தவரை அடையாளம் காண முகவரியின் வாலில் ஒட்டப்படும் குறியீடுகள், அச்சிடுவதற்கான தனிப் பதிப்பு, கைபேசிக்கான தனிப் பதிப்பு, எச்டிடிபி என்றும் எச்டிடிபிஎஸ் என்றும் தொடங்கும் இரு வடிவங்கள் ஆகியவையும் சேர்கின்றன. தமிழ் முகவரிகளுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு: தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது குறிகளாக மாற்றி எழுதப்படுவதால், 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் 45 குறிகளாக நீண்டுவிடும், இருவகையாக எழுதப்பட்டாலும் முகவரி ஒன்றே என்பதைக் கிராலர் அறிந்திருக்க வேண்டும். ஒரு சர்வரிடம் இத்தனை முறைதான் கேட்கலாம் என்ற வரம்பைக் கிராலர் தனக்கே விதித்துக்கொள்கிறது. அந்த வரம்பு மறுபடிகளிலேயே செலவழிந்துவிட்டால், நேற்று எழுதப்பட்ட புதிய பக்கம் வரிசையில் காத்துக் கிடக்கும்.

அடைவு தயாரிப்பது ஒப்புநோக்க நேரான வேலை. ஆய்வு நூல்களின் இறுதியில், இன்ன சொல் இன்ன பக்கங்களில் வருகிறது என்று காட்டும் பட்டியல் இருப்பதைப் போல, ஒவ்வொரு சொல்லுக்கும் அது இடம்பெறும் பக்கங்களின் எண்களைத் தேடுபொறி எழுதிவைக்கிறது. ஆனால் எது ஒரே சொல் என்ற கேள்வி இங்கேயே முளைத்துவிடுகிறது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம், ககரத்தோடு ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு விதித்திருப்பதால், முறையாக எழுதப்பட்ட நிரல் அவற்றை ஒன்றாக்கிவிடும். ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதில் ளகரத்தையே தட்டச்சு செய்யும் பழக்கத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அவ்விரு வடிவங்களும் யூனிகோடின் கணக்கில் வெவ்வேறு சொற்கள்.

முழுப் பக்கத்தையும் இன்னொரு பக்கத்தோடு ஒப்பிடும்போது இக்கேள்வி பெரிதாகிறது. எழுத்துக்கு எழுத்து ஒத்த படிகளைக் கண்டறிவது எளிது: பக்கம் முழுவதையும் ஹேஷ் என்னும் கணிதச் சார்புக்குள் செலுத்தினால் குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண் கிடைக்கும், ஒரே உரைக்கு எப்போதும் ஒரே எண்தான் வரும். ஆனால் ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும் என்பதால், மேலே தேதி மட்டும் மாறிய படிகளையோ ஓரத்தில் விளம்பரம் மாறிய படிகளையோ இம்முறையால் பிடிக்க முடியாது.

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஆண்ட்ரே ப்ரோடரும் அவருடைய சகாக்களும், அந்நிறுவனத்தின் ஆல்டாவிஸ்டா தேடுபொறி திரட்டியிருந்த பக்கங்களை வைத்து 1997இல் இதற்கு வழி கண்டனர். உரையை, ஒன்றன்மேல் ஒன்று படியும் சொற்றொடர்த் துண்டுகளாக வெட்டுவது அவர்கள் முறை. 'இன்று காலை சென்னையில் பலத்த மழை பெய்தது' என்ற ஆறு சொற்களை மும்மூன்றாக வெட்டினால் நான்கு துண்டுகள் கிடைக்கும். சென்னையை மதுரையாக மாற்றினால் 'பலத்த மழை பெய்தது' என்ற துண்டு மட்டுமே பொதுவாக எஞ்சும். இரு தொடர்களிலும் உள்ள மொத்தத் தனித்துண்டுகள் ஏழு, பொதுவானது ஒன்று, ஆகவே ஒப்புமை ஏழில் ஒரு பங்கு. அவர்கள் பத்துச் சொல் துண்டுகளைக் கையாண்டனர்; அந்த அளவில், ஆயிரம் சொற்கள் கொண்ட கட்டுரையில் நடுவே ஒரு சொல் மாறினால் ஒப்புமை 98 சதவீதமாக இருக்கும். பொதுவானவற்றை மொத்தத்தால் வகுக்கும் இந்த அளவை, உண்மையில், சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் பால் ஜக்கார்டு மலைப்பகுதிகளின் செடிவகைகளை ஒப்பிடுவதற்கு வகுத்தது.

கோடிக்கணக்கான பக்கங்களின் எல்லாத் துண்டுகளையும் சேமித்து ஒப்பிட முடியாது என்பதால் அவர்கள் செய்த தந்திரம் அழகானது. ஒவ்வொரு துண்டையும் ஹேஷ் எண்ணாக மாற்றி, ஒரு பக்கத்தில் கிடைக்கும் எண்களுள் மிகச் சிறியதை மட்டும் வைத்துக்கொண்டால், இரண்டு பக்கங்களின் மிகச் சிறிய எண்கள் ஒன்றாக அமைவதற்கான நிகழ்தகவு அவற்றின் ஒப்புமைக்கே சமம். எனவே இப்படிச் சில நூறு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, முழு உரையைத் திரும்பப் பாராமலே ஒப்புமையை மதிப்பிட்டுவிடலாம். மூன்று கோடிப் பக்கங்களை அவர்கள் இவ்வாறு ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 1.23 கோடிப் பக்கங்கள், தம்மோடு பாதியளவாவது ஒத்த வேறு பக்கங்களோடு குழுக்களாகச் சேர்ந்தன. வலை இளமையாக இருந்த காலத்திலேயே அதில் ஐந்தில் இரண்டு பங்கு ஏதோ ஒன்றின் சாயலாக இருந்தது என்பது வியப்புக்குரியது.

இன்னும் சுருக்கமான சிம்ஹேஷ் என்ற முறையை மோசஸ் சாரிகர் 2002இல் தந்தார். இதில் பக்கத்தின் ஒவ்வொரு சொல்லும் 64 பிட்டுகளுக்கு வாக்களிப்பது போலக் கணக்கிடப்பட்டு, பெரும்பான்மையின்படி ஒவ்வொரு பிட்டும் ஒன்று அல்லது சுழியம் ஆகிறது. சில சொற்கள் மாறினால் சில பிட்டுகளே மாறும். கூகுளோடு தொடர்புடைய குர்மீத் சிங் மன்குவும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், 800 கோடிப் பக்கங்கள் உள்ள தொகுப்புக்கு 64 பிட் தடமும், மூன்று பிட்டுகளுக்கு மேல் மாறாதவை மறுபடிகள் என்ற வரம்பும் பொருத்தமானவை என்று காட்டினர். 64 பிட்டுகளை நான்கு பகுதிகளாகப் பிரித்தால், மூன்று பிட்டுகள் எங்கே மாறியிருந்தாலும் ஒரு பகுதியாவது அப்படியே இருந்தாக வேண்டும் என்பதால், அந்தப் பகுதி ஒத்தவற்றை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் போதும்.

எந்த வரம்பை வைத்தாலும் அது பொருளை அறியாது. ஒரே வார்ப்பில் அமைந்து ஊர்ப்பெயரும் வெப்பநிலையும் மட்டுமே மாறும் வானிலைப் பக்கங்கள் வாசகருக்கு முற்றிலும் வேறானவை, இயந்திரத்துக்கோ கிட்டத்தட்ட ஒன்றே. 'பக்கம் கிடைக்கவில்லை' என்ற அறிவிப்பை, பிழைக்குரிய 404 என்ற எண்ணோடு அனுப்பாமல் வெற்றிக்குரிய 200 என்ற எண்ணோடு அனுப்பும் தளங்களில், தொடர்பேயில்லாத முகவரிகள் அவ்வறிவிப்பின் ஒற்றுமையால் ஒரே குழுவில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

குழு அமைந்ததும் அதிலிருந்து ஒரு முகவரி தலைமை முகவரியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. விடைப்பட்டியலில் பொதுவாக அதுவே தோன்றும், மற்றவற்றுக்கு வந்த இணைப்புகளின் மதிப்பும் அதன் கணக்கில் சேரும். தம் தேர்வு எது என்று தள உரிமையாளரே சொல்ல, கேனானிக்கல் என்ற குறிப்பை 2009 பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிமுகப்படுத்தின. கூகுள் அதைக் கட்டளையாக அன்றி ஒரு சான்றாகவே கொள்கிறது. நிரந்தர இடமாற்றத்தைக் காட்டும் 301 என்ற மறுமொழி, தளத்துக்குள் இணைப்புகள் சுட்டும் வடிவம், சைட்மேப்பில் உள்ள வடிவம் ஆகியவற்றோடு சேர்த்து எடைபோட்டு, முரண்பாடு கண்டால் தன் விருப்பப்படி வேறொன்றைத் தேர்ந்துகொள்ளும். மறுபடிகள் இருப்பதாலேயே தளத்துக்குத் தண்டனை கிடைக்கும் என்று பரவியிருக்கும் அச்சத்துக்கு ஆதாரமில்லை. ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை குழுவிலுள்ள மற்ற முகவரிகள் பட்டியலில் தோன்றாமல் போகுமே தவிர வேறொன்றும் நேராது.

ஒரே தளத்தின் முகவரிகளுக்குள் நடக்கும்வரை இது வீட்டுக் கணக்கு. இரண்டு தளங்களுக்கு இடையே வரும்போது உரிமைப் பிரச்சினையாகிறது. சிறிய இதழ் ஒன்று எழுதிய செய்தியை உடன்பாட்டின் பேரில் பெரிய தளம் ஒன்று மறுவெளியீடு செய்தால், பெரிய தளத்தைக் கிராலர் அடிக்கடி பார்ப்பதால் மறுபடியே முதலில் கண்ணில் படலாம், அதற்கே அதிக இணைப்புகளும் இருக்கலாம். முதலில் எழுதியவர் யார் என்பதை முதலில் பார்த்தது எது என்பதிலிருந்து இயந்திரத்தால் உறுதிசெய்ய முடியாது. இருபக்கமும் தலைப்பு, ஓரப்பகுதி, இணைப்புகள் எனப் பலவற்றில் வேறுபடுவதால் இத்தகைய இடங்களில் கேனானிக்கல் குறிப்பும் நம்பத்தக்கதன்று என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் கூறி, மறுவெளியீடு செய்பவர் தம் படியில் நோஇன்டெக்ஸ் குறிப்பை இடுவதையே பரிந்துரைக்கிறது. அதாவது, தன் படைப்புக்குத் தன் முகவரியே காட்டப்பட வேண்டும் என்று விரும்பும் சிறிய இதழ், அதை மறுவெளியீட்டு ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேடலின் வழியே வரும் வாசகர்களை விட்டுக்கொடுக்கப் பெரிய தளம் எளிதில் இசைவதில்லை.